கிளியை எண்ணினேன்

பதினோரு வருஷம் கழித்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு மூன்று பஸ்ஸை விட்டேன். மூன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்தான். ஒன்றில் கூட்டம். இன்னொன்றில் கண்டக்டர் முறைத்த மாதிரி இருந்தது. மூன்றாவதை ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியாது. நாலாவதில் ஏறி உட்கார்ந்தபோது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வருகிற வயிற்றுவலி எனக்கு வந்திருந்தது. எனக்கு முப்பத்தொன்பது வயது. பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூற்பாலை ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போட்டவள். மேனேஜரிடமே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு நாள்கூட எனக்கு வயிறு வலித்ததில்லை.

தைரியமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், இரண்டு பிள்ளை வளர்த்ததில் போயிற்று என்றுதான் சொல்வேன். மூத்தவள் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். இளையவனுக்குக் காய்ச்சல் ஏறி ஒரு தடவை வெட்டி இழுத்தது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதில் பிள்ளை எப்படி அடிபடும் என்றுதான் முதலில் யோசிப்பேன். திறந்து கிடக்கிற வாளி, முனை கூரான மேசை, நாய் நிற்கிற தெரு. இப்படிப்பட்டவளுக்கு யார் என்ன வேலை கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்காரர்கள் கொடுத்தார்கள். அதுவும் எல்.கே.ஜி. வகுப்பில், இருபத்து நாலு பிள்ளைகளை மேய்க்கிற வேலை.

ஆர்டரில் உதவி ஆசிரியை என்று போட்டிருந்தது. மூக்கு துடைப்பது, பாத்ரூம் கூட்டிப் போவது, டிபன் பாக்ஸ் திறந்து கொடுப்பது, சிந்தினதைத் துடைப்பது, நோட்டில் கோடு போடுவது, மத்தியானம் தூங்க வைப்பது, சாயங்காலம் வேனில் ஏற்றி விடுவது, எல்லாம் அதில் அடக்கம். வகுப்பு டீச்சருக்கு இருபத்தாறு வயது. பி.எட். முடித்த பெண், கெட்டிக்காரி. என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன். பிள்ளைகள் எங்கள் இருவரையும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பயம் மட்டும் போகவில்லை. என் பிள்ளை விழுந்தால் நான் அழுவேன், மருந்து போடுவேன், அதோடு முடிந்தது. அடுத்தவர் பிள்ளை விழுந்தால் யாரிடம் போய் நிற்பது? இட்லித் துண்டு தொண்டையில் சிக்குமோ, பாத்ரூம் தாழ்ப்பாளை உள்ளே போட்டுக்கொள்ளுமோ, தண்ணீர்த் தொட்டி மூடியை யாராவது திறந்து வைத்திருப்பார்களோ என்று நாள் முழுக்க ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தினமும் காலையில் போனதும் தொட்டி மூடியின் மேல் ஏறி ஒரு தடவை நின்று பார்ப்பேன். வாட்ச்மேன் சிரிப்பார்.

எல்லாவற்றையும்விட வேன் பயம்தான் பெரிது. ஒரே கட்டம் போட்ட யூனிபார்மில் இருபத்து நாலு பேர். பாதிப் பேருக்குத் தன் ஊரே சொல்லத் தெரியாது. சுந்தரபாண்டியம் போக வேண்டியதை ராஜபாளையம் வேனில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? அதனால் முதல் வாரத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். சுந்தரபாண்டியம் வேன் பிள்ளைகளின் பையில் பச்சை ரிப்பன், ராஜபாளையம் வேனுக்குச் சிவப்பு. அம்மா அப்பா கேட்டுக்கே வந்து கூட்டிப் போகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ரிப்பன் கிடையாது. பச்சையை எண்ணு, ஏற்று. சிவப்பை எண்ணு, ஏற்று. பிரின்சிபால் மேடம் அதைப் பார்த்துவிட்டு ஸ்டாஃப் மீட்டிங்கில் சொல்லி, எல்லோரும் கை தட்டினார்கள். பதினோரு வருஷமாக எந்தக் குழம்புக்கும் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை வாயே திறக்காது. நாலு வயதுப் பெண் குழந்தை. பாத்ரூம் வந்தால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். கேட்டுப் பிள்ளை, அதாவது ரிப்பன் இல்லாத பிள்ளை. அதன் அம்மா பேண்டேஜ் துணி தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அவளும் என்னைப் போலத்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு அந்த ஜூனில்தான் மறுபடி வேலைக்குப் போனவள். தினமும் காலையில் ஓட்டமாக வந்து விட்டுவிட்டு, சாயங்காலம் ஓட்டமாக வந்து கூட்டிப் போவாள். எங்களுக்குள் சிரிப்பைத் தவிரப் பேச்சு ஒன்றும் கிடையாது.

ஆடிப்பூரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மாறுவேஷம். மாறுவேஷம் என்றால் மற்ற ஊரில் காந்தி வருவார், டாக்டர் வருவார், தக்காளி வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வாரம் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆண்டாள்தான். எங்கள் வகுப்பில் மட்டும் பதின்மூன்று ஆண்டாள். ஒரே வாடகை டிரஸ் கடையில் எடுத்ததால் எல்லாம் ஒரே அரக்குப் பட்டு, ஒரே நெற்றிச்சுட்டி, பக்கவாட்டில் ஒரே மாதிரி சாய்ந்த கொண்டை, ஒரே பிளாஸ்டிக் மாலை, கையில் ஒரே பச்சைக் கிளி. மூஞ்சியில் பவுடரும் கன்னத்தில் சிவப்பும் அப்பியிருந்தார்கள். பெற்ற தாயே தன் பிள்ளை எது என்று இரண்டு தடவை பார்த்தாள்.

அன்றைக்கு அரை நாள் என்பதால் பை கொண்டு வரவில்லை. போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று அடையாள அட்டையையும் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ரிப்பனை எங்கே கட்டுவது? பட்டில் பின் குத்தப் போனேன். "மிஸ், குத்தாதீக, கிழிஞ்சா கடைக்காரர் வைவாரு" என்று நாலு அம்மாக்கள் ஒரே குரலில் சொன்னார்கள். தலையில் பூவுக்கு நடுவே ரிப்பன் வைத்தால் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கிளியின் கழுத்தில் கட்டினேன். சுந்தரபாண்டியம் வேனில் எங்கள் வகுப்பில் போவது நாலு பேர், நாலு பேரும் ஆண்டாள்தான், நாலு கிளிக்குப் பச்சை ரிப்பன். ராஜபாளையத்துக்குச் சிவப்பு. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பேசாத பிள்ளைக்கு மட்டும் கிளி இல்லை. கடையில் கிளி தீர்ந்துவிட்டதாம். அது மற்றவர்களைப் பார்த்துவிட்டு, கிளி இருக்கிற மாதிரியே வெறுங்கையை மடக்கி வைத்துக்கொண்டு மேடையில் நின்றது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பதின்மூன்று ஆண்டாளுக்கும் ஒன்றாக ஒண்ணுக்கு வந்துவிட்டது. எனக்கு வேறு எதையும் நினைக்க நேரமில்லை.

பன்னிரண்டரை மணிக்கு சுந்தரபாண்டியம் வேன் வந்தது. கேட்டில் ஒரே கூட்டம், மைக்கில் பாட்டு, டீச்சர் மேடைப் பக்கம் போட்டோவுக்கு நிற்கிறாள். நான் பச்சை ரிப்பனைத் தேடினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு கிளி, நாலு ஆண்டாள். ஒவ்வொருத்தியாகத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். கொண்டை கலையாமல் தலையைக் குனிய வைத்து ஏற்றினேன். லிஸ்டில் டிக் அடித்தேன். வேன் போயிற்று.

ஒரு மணிக்கு அந்தப் பேசாத பிள்ளையின் அம்மா வந்தாள். கம்பெனியில் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு வருகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். வகுப்பில் உட்கார வைத்திருக்கிறேன், இதோ கூட்டி வருகிறேன் என்று நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். வகுப்பில் கேட்டுப் பிள்ளைகளில் இரண்டு பையன்கள் மட்டும் இருந்தார்கள். ஒட்டு மீசை பாதி கழன்று தொங்க, சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார்கள்.

பாத்ரூமில் பார்த்தேன். ஒவ்வொரு கதவாகத் தள்ளினேன். மேடைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், பக்கத்து வகுப்பில், பெஞ்சுக்குக் கீழே. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பேசாத பிள்ளையைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம் என்று தெரிந்தும் கத்தினேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். மூடி மூடித்தான் இருந்தது. இருந்தும் அதைத் திறக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் கெஞ்சினேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. திறந்தார். உள்ளே தண்ணீர் மட்டும்தான். எனக்குக் காது அடைத்துவிட்டது. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அம்மா என் பின்னாலேயே வந்தாள். "மிஸ், எங்க மிஸ்? இங்கதான இருக்கா? விளையாடுதாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இங்கேதான் எங்கேயோ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை சொன்னேனோ.

டீச்சர் ஓடி வந்தாள். "அக்கா, சுந்தரபாண்டியம் வேன்ல நாலு பேரா ஏத்துனீங்க? அதுல ஒருத்திய அவ மாமா மேடையில இருந்தே கூட்டிட்டுப் போயிட்டாரே. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. ஒங்கள்ட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். அந்தச் சிறுமி குண்டுப் பிள்ளை. தினமும் அவளைத் தூக்கி ஏற்றினால் என் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு இடுப்பு வலிக்கவே இல்லை. நாலு பேரும் லேசாக இருந்தார்கள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவோடு போனவள் தன் கிளியை மேடையோரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வெறுங்கையோடு நின்ற பிள்ளை அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் பச்சை ரிப்பனைப் பார்த்ததும் நான் தூக்கி ஏற்றிவிட்டேன். கிளியை எண்ணினேன். பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

டிரைவருக்கு போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று. மூன்றாவதில் எடுத்தார். வாயில் சோறு இருந்தது.

"எல்லாரும் எறங்கியாச்சு மிஸ்."

"அண்ணே, எங்க வகுப்புல நாலு பேர ஏத்துனேன். எத்தன பேரு எறங்குனாக?"

"மூணு பேருதான மிஸ். இன்னொன்னோட அம்மா போன் போட்டாக, நாங்களே கூட்டிட்டு வந்துட்டோம், நிக்க வேண்டாம்னு. அதான் நேரா வீட்டுக்கு வந்துட்டேன்."

"வண்டி எங்க நிக்கு?"

"வீட்டுக்கு முன்னாடிதான்."

"பின் சீட்டப் பாத்தீகளா?"

தட்டு தரையில் உருள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வெறுங்காலோடு ஓடுகிற சத்தம். அம்மா என் பக்கத்தில் வந்து, என் காதோடு தன் காதை ஒட்டிக்கொண்டாள். ஒரே போனில் நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். அவள் கன்னம் வேர்வையில் என் கன்னத்தில் ஒட்டியது. வெயில் கொளுத்துகிற மத்தியானம். கண்ணாடி எல்லாம் ஏற்றிய வேன். எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று மனசு கணக்குப் போடப் போயிற்று. வேண்டாம் வேண்டாம் என்று அதை நிறுத்தினேன். கதவை இழுக்கிற சத்தம் வந்தது. ஒரு முறை இழுத்து வரவில்லை போல, மறுபடி இழுத்தார். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. இன்றைக்கும் போனில் யாராவது சட்டென்று பேசாமல் நின்றால் நான் ஹலோ ஹலோ என்று கத்திவிடுவேன்.

"இருக்கு மிஸ்" என்றார். "சீட்டுக்குக் கீழ படுத்துக் கெடக்கு. மூச்சு இருக்கு. ஏட்டி, தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா" என்று தன் சம்சாரத்தைக் கூப்பிட்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு அழுகை. போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டிய அளவுக்கு ஒரு பெரிய அழுகை. இரண்டு மாதத்தில் நான் கேட்ட அந்தப் பிள்ளையின் முதல் குரல் அதுதான். அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் அதே வேனில் பிள்ளையைக் கூட்டி வந்தார். அவர் சம்சாரம் ஈரத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கொண்டை அவிழ்ந்து தொங்க, கன்னத்துச் சிவப்பு கழுத்துவரை வழிந்திருந்தது. அம்மா வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். பிரின்சிபால் மேடம் டிரைவரைப் பிடித்துக்கொண்டார். "சீட்டப் பாக்காம எப்படி வண்டியப் பூட்டுவீங்க? ஒரு உசுருங்க. இன்னையோட உங்க வேலை முடிஞ்சுது" என்றார். அவர் தலையைக் குனிந்து நின்றார். கையில் இன்னும் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

யார் ஏற்றிவிட்டது என்று மேடம் அதுவரை கேட்கவில்லை. சொல்லாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடி என்று சொல்வது பொய். நாலைந்து நொடி நினைத்தேன். என்னைக் கை தட்டிப் பாராட்டின அந்த அறை, பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போன சாயங்காலம் எல்லாம் கண்ணுக்குள் வந்தது. அப்புறம் வாய் தானாகவே திறந்தது.

"மேடம், நான்தான் ஏத்துனேன். கிளியில கட்டுன ரிப்பனப் பாத்தேன். பிள்ளையப் பாக்கல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டீச்சரோடு கிளினிக்குக்குப் போனாள். நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக டீச்சர் போனில் சொன்னாள். மேடம் என்னைப் பார்க்காமலே, எனக்கும் டிரைவருக்கும் சேர்த்து, திங்கட்கிழமை வாங்க, பேசிக்கிடலாம் என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "போவாத, விட்டுரு. ஒனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் பிள்ளைகள் இருவரும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மகள் கடுப்பாகி, "எதுக்கும்மா சும்மா சும்மா வந்து மூஞ்சியப் பாக்க?" என்றாள். போகக் கூடாது என்றுதான் ஞாயிறு ராத்திரிவரை இருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்பதும் தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறினேன். மேடம் ரொம்ப நேரம் பேசினார். நடு வருஷத்தில் வேறு ஆள் கிடைக்காது என்றார், நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். டிரைவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அவரையும் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு நான் கேட்டில் நின்றேன். அது என் வேலை. ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. ஒவ்வொன்றையும் குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

அந்த அம்மா வந்தாள். பிள்ளை யூனிபார்மில் இருந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி. வரவே மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அவள் வந்தால் சொல்வதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்ததும் நான் கை மட்டும் நீட்டினேன். அவள் பிள்ளையின் கையை விடவில்லை.

"மிஸ், ஒண்ணு சொல்லவா? தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லும்மா."

"எனக்கு ஒங்களப் பாத்தா பயமா இருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"ரெண்டு நாளாத் தூங்கல. வேற பள்ளிக்கொடத்துல இப்ப சேக்க மாட்டாக. வீட்ல வச்சிக்கிட ஆள் இல்ல. ஒம்பதரைக்குள்ள நான் கம்பெனில இருக்கணும். எனக்கு வேற வழி இல்ல மிஸ்."

எத்தனையோ வருஷமாக நான்தான் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தேன். இன்னொருத்தி பயப்படுகிற ஆளாக நானே ஆவேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இனி இப்படி நடக்காது என்று சத்தியம் பண்ண வாய் வந்தது. ஆனால் அது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"எனக்கும் என்னப் பாத்தா பயமாத்தான் இருக்கும்மா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பிள்ளையின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு ஓடினாள். நாலடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். உள்ளே பெல் அடித்துவிட்டது, டீச்சர் கூப்பிட்டாள். அவள் தெருமுனை திரும்புகிறவரை நான் பிள்ளையோடு கேட்டிலேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கிறபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.